நடக்காத நாளில் உடல் பார்க்கும் வேலை

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் என்ற மலை நடைபாதை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். அதை முழுதாக நடப்பவர்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை மலையை விட்டு இறங்கிப் பக்கத்து ஊருக்குப் போவார்கள். குளியல், துணி துவைப்பு, போனுக்கு சார்ஜ், அடுத்த சில நாளுக்கான சாப்பாடு. அடியோடு நடக்காத நாளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஜீரோ'. கால்களுக்குத்தான் அது பூஜ்யம். உடலுக்குள்ளே அன்று ஓவர்டைம்.

ஊருக்கு வந்த அன்று எடை பார்த்தவர், மறுநாள் காலை மறுபடி ஏறி நின்றால் திடுக்கிடுவார். இரண்டு கிலோ கூடியிருக்கும். ஒரே ராத்திரியில் கொழுப்பு ஏறிவிட்டதா? இல்லை. பெரும்பகுதி தண்ணீர்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. இரண்டும் நிரம்பினால் மொத்தம் அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். அதாவது சுமார் 2,000 கலோரி. மூட்டையோடு நாள் முழுக்க மலையேறுபவர் 4,000 கலோரிக்கு மேல் செலவழிப்பது சாதாரணம். சமதளத்தில் நிதானமாக நடக்கும்போது கொழுப்பு கைகொடுக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அது எரியும் வேகம் போதாது, கிளைகோஜன்தான் வேண்டும். மூன்றாம் நாள் ஏற்றத்தில் 'கால்ல ஒண்ணுமே இல்லை' என்று தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு.

கிடங்கு எவ்வளவு காலியோ, அதை நிரப்பும் நொதி அவ்வளவு சுறுசுறுப்பு. வயிறாரச் சாப்பிட்டு ஓய்வெடுத்தால் ஒரு நாளில் பெருமளவு நிரம்பிவிடும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைக்கும். 400 கிராம் ஏறினால் கூடவே 1,200 கிராம் தண்ணீர். கூட்டிப் பாருங்கள், எடையில் கூடியதற்குக் கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும். மிச்சம் குடலில் இருக்கும் சாப்பாடும் உப்பு தேக்கிய நீரும்.

இறக்கம் வேறு கதை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அடிபட்ட தசையில் கிளைகோஜன் மெதுவாகத்தான் சேரும். வலியும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே உச்சத்துக்கு வரும் என்பதால், ஜீரோ எடுத்த மறுநாள் வலி கூடினால் ஓய்வைத் திட்ட வேண்டாம்.

உண்மையில் ஏமாற்றுவது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, பழுதுபார்ப்பும் வாரக்கணக்கில் நடக்கும். ஒரு நாள் ஓய்வில் வலி அடங்கும், காயம் ஆறாது. தெம்பு வந்ததே என்று மறுநாளே நடையை நீட்டுவதுதான் ஆபத்து. பாதத் தோல் பரவாயில்லை: ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆன மேல்தோல் ஒரு நாள் காய்ந்தால் இறுகும், கொப்புளத்துக்கு அவ்வளவு சுலபத்தில் இடம் கொடுக்காது.

இனி மூட்டை. நாளுக்கு 3,500 கலோரி வீதம் ஐந்து நாளுக்கு 17,500. சர்க்கரையாகச் சுமந்தால் நாலு கிலோவுக்கு மேல்; எண்ணெயாக என்றால் இரண்டு கிலோகூட இல்லை. எண்ணெயை மட்டும் யார் குடிப்பது? கிராமுக்கு ஆறு கலோரி அளவுக்குத் தரும் பாதாம், வேர்க்கடலை போன்ற கொட்டை வகைகள்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆக, மாவுச்சத்தை ஊரில் வயிற்றில் ஏற்றிக்கொண்டு, கொழுப்பைப் பையில் ஏற்றுவது லாபம்.

வரிசையும் முக்கியம்: முதலில் சாப்பாடு, பிறகு கடை. வெறும் வயிற்றில் கடைக்குப் போனால் கண்ணில் பட்டதெல்லாம் கூடைக்குள் விழும், மறுநாள் காலை முதல் ஏற்றத்திலேயே அத்தனையும் தோளில் கனக்கும்.