வேலை நேரத்தில் காட்டுப்பன்றி குத்தினால் யார் பணம் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் ஒரு தம்பி வந்து பேன்ட்டை மடித்துக் காட்டினார். கெண்டைச்சதையில் பதினொரு தையல், சுற்றிலும் இன்னும் கன்றிப்போயிருந்தது. புதுக்கோட்டைப் பக்கம். இங்கே சாலையோரம் புல் வெட்டும் வேலை. மாலை வேலை முடிந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புதரிலிருந்து காட்டுப்பன்றி பாய்ந்திருக்கிறது. கிளினிக்கில் தையல் போட்டு, இரண்டு நாள் எம்சியும் (டாக்டர் தரும் விடுப்பு) ஐந்து நாள் லைட் டூட்டியும் (இலகுவான வேலை) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் சொன்னது இது: "பன்னி குத்தினதுக்கு கம்பெனி என்ன பண்ணும்? நீ கண்ணி வைக்கப் போனேன்னு எழுதினா பத்தாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஃபைன், ஜெயில். பேசாம இரு." தம்பி ஐந்து வாரம் பேசாமல் இருந்தார்.

இதே மாதிரி பயமுறுத்தலை நான் கேட்பது முதல் தடவை அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சூப்பர்வைசர் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வேறு, வனவிலங்குச் சட்டம் வேறு. முதலாவதுதான் உங்களுக்குப் பணம் தருவது. அதை முதலில் பார்ப்போம்.

இழப்பீட்டுச் சட்டத்தில் முக்கியமான விஷயம், யார் தப்பு என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் வேலை செய்யும்போது, வேலை காரணமாக அடிபட்டால் போதும். ஒர்க் பர்மிட்டில் வந்தவரா, சிங்கப்பூரரா, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில் வராது. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லோருக்கும் முதலாளி இதற்கென்று இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். பணம் அங்கிருந்துதான் வருகிறது. கம்பெனி நஷ்டமாகிவிடும் என்று உங்களிடம் அழுதால் நம்ப வேண்டாம்.

"பன்றி எங்கள் மெஷின் இல்லையே, எங்கள் சாரம் இல்லையே, அது எப்படி வேலை விபத்து?" என்று கேட்பார்கள். இங்கேதான் பெரும்பாலோர் மடங்கிவிடுகிறார்கள். வேலையின்போது நடந்த விபத்து, அதற்கு எதிரான ஆதாரம் இல்லாதவரை, வேலை காரணமாக நடந்ததாகவே கருதப்படும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது வேலைக்கும் பன்றிக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு. நீங்கள் அல்ல. காட்டோரம் புல் வெட்ட அனுப்பியது அவர்கள்தானே.

இந்த ஊரில் பன்றியா என்று கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் சிரித்தால், 2012-இல் பீஷான் பூங்காவிலும், 2021 பிப்ரவரியில் பொங்கோலிலும், 2023 அக்டோபரில் புக்கிட் பாஞ்சாங்கிலும் ஆட்களைப் பன்றி தாக்கிய செய்திகளைச் சொல்லுங்கள். எல்லாமே வீடுகளுக்குப் பக்கத்தில் நடந்தவை.

அப்புறம் நேரம். அடிபட்டது எந்த நிமிடத்தில் என்பதை வைத்து நிறைய விளையாடுவார்கள். வேலை செய்துகொண்டிருந்தாய், அது சரி. சாப்பிட உட்கார்ந்திருந்தாய், அது உன் சொந்த நேரம். புதருக்குப் பக்கம் ஒன்றுக்குப் போனாய், அது ஊர் சுற்றப் போனது. இப்படி எழுதவிடாதீர்கள். பக்கத்தில் கழிவறை இல்லாத இடத்தில் ஆளை இறக்கிவிட்டுப் போனவர்கள் கேட்கும் கேள்வி இது! எந்த இடம், எத்தனை மணி, கையில் என்ன இருந்தது, யார் பக்கத்தில் இருந்தார் என்பதை அன்றைக்கே போனில் பேசிப் பதிவு செய்து வையுங்கள். கம்பெனி ஏற்பாடு செய்த லாரியில் போகும்போது வரும்போது நடக்கும் விபத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். இரவில் சாலையில் பன்றி குறுக்கே ஓடி லாரி கவிழ்ந்தால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் கேட்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக தங்கும் விடுதியான டார்மிட்டரிக்குப் பின்னால் குறுக்குவழியில் நடந்தபோது குத்தினால் இது கிடைக்காது. அப்போதும் பர்மிட்காரரின் வைத்தியச் செலவு முதலாளி பொறுப்புதான். ஆஸ்பத்திரியில் தங்கினாலோ அறுவை சிகிச்சை நடந்தாலோ அதற்குத் தனி மருத்துவ இன்சூரன்ஸ் உண்டு. 2023 ஜூலையிலிருந்து அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி இருக்க வேண்டும். "லீவு நாளில் அடிபட்டாய், நீயே கட்டு" என்று சொல்லிச் சம்பளத்தில் பிடித்தால் அது தவறு.

கேஸ் பெரும்பாலும் கெட்டுப்போவது கிளினிக்கில். டாக்டர் எழுதும் முதல் வரிதான் கடைசிவரை நிற்கும். அந்தத் தம்பியின் சீட்டில் என்ன இருந்தது தெரியுமா? "வழுக்கி விழுந்ததில் காயம்." உள்ளே கூடவே போன கம்பெனி ஆள் சொன்னதை டாக்டர் எழுதிவிட்டார். தம்பிக்கு ஆங்கிலம் வராது, டாக்டருக்குத் தமிழ் வராது. தயவுசெய்து நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்: வைல்ட் போர், ஒர்க் டைம். இந்த நாலு வார்த்தை போதும். கம்பெனி ஆள் வெளியே இருக்கட்டும் என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பன்றி என்று சொல்வது வைத்தியத்துக்கும் வேண்டும். அதன் கோரைப்பல் உள்ளே ஆழமாக இறங்கும், மேலே சின்னக் கிழிசலாகத் தெரியும், பிறகு சீழ் வைக்கும். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். வலி குறையவில்லை என்றால் கம்பெனி காட்டிய கிளினிக்கோடு நிற்காதீர்கள். பாலிகிளினிக்கோ அரசாங்க ஆஸ்பத்திரியோ போகலாம். தம்பி மூன்றாம் வாரம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி போனபோதுதான் இன்னும் பன்னிரண்டு நாள் எம்சி கிடைத்தது. பன்றி என்ற சொல் எழுத்தில் வந்ததும் அப்போதுதான்.

ஒரு நாள் எம்சியோ லைட் டூட்டியோ கொடுத்தாலே கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து விதி இதுதான். விபத்து தெரிய வந்த பத்து நாளுக்குள் செய்ய வேண்டும். "மூன்று நாளுக்கு மேல் எம்சி இருந்தால்தான் ரிப்போர்ட்" என்று இன்னமும் பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்யாவிட்டால் நீங்களே அமைச்சின் இணையத்தளத்தில் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். கம்பெனி "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுப்பது இந்த ஒரு வருஷத்தைத்தான்.

அலைக்கழிப்பும் வழக்கமானதுதான். கம்பெனியில் கேட்டால் இன்சூரன்ஸிடம் கேள் என்பார்கள். இன்சூரன்ஸில் கம்பெனி இன்னும் பேப்பர் அனுப்பவில்லை என்பார்கள். பெண்டிமியர் ரோட்டில் இருக்கும் அமைச்சின் சேவை நிலையத்துக்கு லீவு போட்டுப் போனால், அப்பாயின்ட்மென்ட் எடுத்தீர்களா என்று கேட்பார்கள். ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் போகாதீர்கள். போகும்போது எம்சி சீட்டுகள், சம்பளச் சீட்டு, பர்மிட், காயத்தின் படம், இடத்தின் படம் எல்லாம் போனில் இருக்கட்டும். ஃபார்ம் நிரப்பத் தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 6536 2692 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

பணக் கணக்கில் இருக்கும் ஓட்டை பலருக்குத் தெரியாது. எம்சி நாட்களுக்கு, வெளிநோயாளி என்றால் முதல் 14 நாளுக்கும், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் முதல் 60 நாளுக்கும் முழுச் சராசரிச் சம்பளம்; அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருஷம் வரை. இந்தச் சராசரியில் ஓவர்டைமும் சேரும். கம்பெனிகள் கொடுப்பதோ அடிப்படைச் சம்பளம் மட்டும். அடிப்படை 700 வெள்ளி, ஓவர்டைமோடு மாதம் 1,100 வாங்குகிறவருக்கு ஆஸ்பத்திரி விடுப்பில் இருக்கும் இரண்டு மாதத்தில் 800 வெள்ளி போய்விடும். ஊரில் வட்டி கட்டிக்கொண்டிருப்பவருக்கு அது சின்னத் தொகையா? கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். லைட் டூட்டி நாட்களுக்கும் இதே சராசரிக் கணக்குதான். 2025 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு வைத்தியச் செலவு 53,000 வெள்ளி வரை உண்டு.

காலில் நிரந்தரக் குறை வந்தால் அதற்குத் தனித் தொகை. குறை எத்தனை சதவிகிதம் என்று டாக்டர் போட்ட பிறகுதான் அது கிடைக்கும், அதற்குப் பல மாதம் ஆகும். அதற்குள் "ஊருக்குப் போய் ஓய்வெடு, டிக்கெட் நாங்கள் போடுகிறோம்" என்று அன்பாகச் சொல்வார்கள். மதிப்பீடு முடியாமல் விமானம் ஏறாதீர்கள். பர்மிட்டை ரத்து செய்தாலும் கேஸ் ரத்தாகாது. கேஸ் நடக்கும்போது தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கேட்கலாம். 500 வெள்ளியைக் கையில் வைத்து, ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, படித்துக் காட்டி நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிடுங்கள். இன்னொன்று, ஆஸ்பத்திரி வாசலில் வந்து "பெரிய தொகை வாங்கித் தருகிறேன்" என்று வக்கீலுக்கு ஆள் பிடிப்பவர்களிடமும் ஜாக்கிரதை. நீதிமன்ற வழக்கு, இழப்பீட்டுச் சட்டம், இரண்டில் ஒன்றில்தான் பணம் வாங்க முடியும். நீதிமன்றத்தில் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். திடீரென்று பாய்ந்த பன்றிக்கு அதை நிரூபிப்பது கஷ்டம்.

டெலிவரி ஓட்டும் பிள்ளைகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஆர்டர் ஓட்டும் நேரத்துக்கு இதே அளவு பாதுகாப்பு வந்திருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அக்காமாருக்கு இந்தச் சட்டம் இல்லை. சாயங்காலம் முதலாளியின் நாயைக் காட்டோரம் நடத்திப் போகிறவர்கள் அவர்கள்தான், அதுதான் வருத்தம். அவர்களுக்கு முதலாளி எடுத்திருக்க வேண்டிய 60,000 வெள்ளி விபத்து இன்சூரன்ஸும், வைத்தியச் செலவு முதலாளியுடையது என்ற விதியும்தான் இருக்கின்றன. நாயைக் கட்டிலிருந்து அவிழ்க்காதீர்கள். நாய் துரத்தினால் பன்றி நாயோடு நிற்காது, உங்கள் பக்கம் திரும்பும்.

இனி அந்த மிரட்டல் சட்டம். ஊரில் வேட்டை பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கை பரபரக்கும், எனக்குப் புரிகிறது. கோம்பை நாய் இரண்டு, ராஜபாளையம் ஒன்று என்று பிடித்துக்கொண்டு கருவேலங்காட்டில் இறங்கினால், ஒன்று மோப்பம் பிடித்துக் கிளப்பும், மற்றவை வளைத்துக் குரைக்கும். பன்றி முள்ளுக்கு முதுகைக் கொடுத்து நின்று, தலையைத் தாழ்த்தி, கீழிருந்து மேலாகக் கிழிக்கும். வயிறு கிழிந்த நாயைத் துண்டால் கட்டித் தோளில் தூக்கி வந்ததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஊரிலும் அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். 2025 தொடக்கத்தில் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடத் தமிழ்நாட்டில் கிடைத்த அனுமதியும் வனத்துறைக்குத்தான், நமக்கில்லை.

சிங்கப்பூரில் கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது, குட்டியைக் கொண்டுவந்து வளர்ப்பது, எல்லாவற்றுக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். இல்லையென்றால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்றால் இன்னும் அதிகம். நாங்கள் சோறு போடும் வேலையிடத்து நாய்தானே துரத்தியது என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் நீங்களே வீடியோ எடுத்துப் போட்டிருந்தால். வேலை நேரத்தில் பன்றி விரட்டப் போய் குத்து வாங்கினால், வேலை காரணமாக நடந்தது என்ற உங்கள் பிடியும் நழுவும். இன்சூரன்ஸ் தேடுவது அந்த வீடியோவைத்தான். மிச்சச் சோற்றைத் தெரிந்தே பன்றிக்குப் போட்டாலும் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். செத்துக் கிடக்கும் பன்றியையும் தொடாதீர்கள். 2023 பிப்ரவரியில் இங்கே ஒரு பன்றியின் உடலில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு அது தொற்றாது, ஆனால் தகவல் சொல்ல வேண்டும். கூப்பிட வேண்டிய எண் 1800 476 1600, இரவும் பகலும் எடுப்பார்கள். வேலையிடத்தில் பன்றி சுற்றினால் அடிபடுவதற்கு முன்பே கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிட்ட நேரம் போனில் இருக்கும், அதுவும் ஒரு ஆதாரம்.

இதில் எதையும் செய்யாதவரை இந்தச் சட்டத்தைக் காட்டி யாரும் உங்கள் பணத்தை நிறுத்த முடியாது. தம்பியிடம் கண்ணி இல்லை, நாய் இல்லை. புல் வெட்டும் மெஷினும் துடைக்கும் துணியும்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற பங்களாதேஷ் நண்பர் பார்த்ததை எழுதிக் கொடுத்தார். கிழிந்த பேன்ட்டை மட்டும் தம்பி துவைத்து, தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதை அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். கம்பெனியின் அறிக்கை ஆறாவது வாரம் போனது. எம்சி பணம் வந்துவிட்டது, ஓவர்டைமைச் சேர்க்காமல். மீதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, நானும் கூடப் போகிறேன்.