டிஸ்கிரிமினேஷன்: இங்கே பாகுபாடு அல்ல

பிள்ளையைப் பார்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) அறிக்கையில் 'சென்சரி டிஸ்கிரிமினேஷன்' சிரமம் என்று எழுதித் தருகிறார். அகராதியைப் புரட்டினால் 'உணர்வுப் பாகுபாடு' என்று வருகிறது. பள்ளியில் யாரோ பிள்ளையிடம் சாதி பார்த்துவிட்டார்களோ என்றுதான் தோன்றும்.

லத்தீனில் 'கெர்னேரே' என்றால் சலித்துப் பிரிப்பது. அதன் வழியில் வந்த 'டிஸ்கிரிமென்' வேறுபாட்டைக் குறித்தது. ஒதுக்கி நடத்தும் பொருள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தில் ஏறிக்கொண்டது. மருத்துவத்தில் இன்னும் பழைய சல்லடைதான்: புலன் கொண்டுவருவதில் இது வேறு, அது வேறு என்று மூளை பிரித்தெடுப்பது. 2007இல் ஆய்வாளர் லூசி ஜேன் மில்லர் குழுவினர் புலன் சிக்கல்களை மூன்றாக வகுத்தபோது, இதில் வரும் சிரமம் அவற்றில் ஒன்று.

இந்தச் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கண், காது சோதனைகளில் குறை எதுவும் தெரியாது. ஆனால் பென்சில் பெட்டிக்குள் கைவிட்டு ரப்பரை எடுக்க வராது. பெட்டியையே கவிழ்த்தால்தான் கிடைக்கும். சட்டைப் பட்டனைக் குனிந்து பார்த்தே போடும். அழுத்தம் எவ்வளவு என்று கை சொல்லாததால் பென்சில் முனை ஒடியும், தாள் கிழியும். 'பல்லி' என்று சொன்னால் 'பள்ளி' என்று எழுதும். (வீட்டிலேயே ல, ள இரண்டும் ஒன்றாக ஒலித்தால் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை.)

பயிற்சி விளையாட்டாகவே நடக்கும். துணிப்பைக்குள் கோலி, சாவி, புளியங்கொட்டை; பார்க்காமல் தடவிப் பெயர் சொல்ல வேண்டும். அது பழகியதும் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும். வித்தியாசத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போவதில்தான் சூட்சுமம். எடுத்த எடுப்பில் நாணயத்தைக் கொடுத்தால் பிள்ளை பையையே தூக்கி எறிந்துவிடும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையான புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை வகுத்தவர் அமெரிக்கரான ஜீன் ஆய்ர்ஸ்.

தமிழில் என்ன சொல்வது? 'பகுத்தறிதல்' கச்சிதமான சொல்தான். ஆனால் பகுத்தறிவு என்றதும் நமக்குப் பெரியார் நினைவுக்கு வந்துவிடுவார். 'உணர்வு' என்றால் மனம் சார்ந்ததாகிவிடும். தொடுபுலனுக்கு மட்டும் தொல்காப்பியத்தின் 'உற்றறிதல்' இருக்கிறது. எல்லாப் புலன்களுக்கும் சேர்த்து 'புலன்வழிப் பிரித்தறிதல்' என்பேன். பின்னொட்டாகக் 'கோளாறு' வேண்டாம். 2013இல் வந்த அமெரிக்க மனநல நோய்க் கையேட்டின் 5ஆம் பதிப்பு இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை, 'இடர்ப்பாடு' போதும்.