ஒரு கமலா விதைக்குள் எத்தனை செடி?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். பொங்கல் சமயத்தில் வாங்கிய கமலா ஆரஞ்சில் பேரன் துப்பிய விதைகளைச் சும்மா ஒரு தொட்டியில் ஊன்றி வைத்திருக்கிறார். அதில் ஒரே விதையிலிருந்து மூன்று கன்றுகள் எழும்பிவிட்டன. ஒன்று நல்ல திடமாக, இன்னொன்று சுமாராக, மூன்றாவது நூல் மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, ஒரு விதையில் இரண்டு மூன்று முளைத்தால் வீட்டுக்கு ஆகாது, பிடுங்கிப் போட்டுவிடுங்கள் என்றாராம். "பிடுங்கவா, வைக்கவா? வைத்தால் அதே பழம் காய்க்குமா? இல்லை, நர்சரியில் புது ரகம் என்று விற்கிற ஒட்டுக்கன்றே வாங்கிவிடட்டுமா?"

பிடுங்காதீர்கள் அம்மா. உங்கள் தொட்டியில் நடந்திருப்பது தாவரவியலிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

நம் ஊர்க்காரர்களுக்குப் பலாவை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பண்ருட்டிப் பக்கம் நல்ல சுளை உள்ள ஒரு பழத்திலிருந்து இருபது கொட்டையை எடுத்து நட்டால் இருபதும் இருபது விதமாக வரும். ஒன்று தேனாக இருக்கும், ஒன்று சப்பென்று, ஒன்று முழுக்கச் சடை. அம்மா மரம் நமக்குத் தெரியும், மகரந்தம் எந்தத் தோப்பிலிருந்து வந்தது என்று தெரியாது. அதனால்தான் பாலூர் ஆராய்ச்சி நிலையம் ஒரு நல்ல பலாவைத் தேர்ந்தெடுத்து பாலூர் 1 என்று வெளியிட்டபோது அதன் கொட்டையைக் கொடுக்க முடியவில்லை, ஒட்டுக்கட்டித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. விதை என்றாலே சூதாட்டம் என்று நாம் பழகியது இப்படித்தான்.

கமலா அப்படி இல்லை. அதன் விதையில் முளைப்பது பெரும்பாலும் பிள்ளையே இல்லை. அம்மாவேதான்.

எப்படி என்று பார்ப்போம். பூவுக்குள் சூலகம், அதற்குள் சூல், சூலுக்குள் கருப்பை. மகரந்தக் குழாய் இறங்கி இரண்டு ஆண் அணுக்களை விடுகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, இன்னொன்று அந்தக் கருவுக்குச் சாப்பாடான கருவூண் திசு உருவாக வழி செய்கிறது. இதுவரை பள்ளிப் பாடம், தாண்டிவிடலாம். நாம் பார்க்க வேண்டியது அந்தக் கருப்பையைச் சுற்றிப் போர்வை மாதிரி இருக்கும் சூல்திசுவை. அதில் அப்பாவின் பங்கு துளியும் கிடையாது, அது முழுக்க அம்மா மரத்தின் உடம்பு, இலையும் பட்டையும் எப்படியோ அப்படி. பெரும்பாலான செடிகளில் இந்தச் சூல்திசு தன் வேலையை முடித்துக்கொண்டு கரைந்து போய்விடும்.

கமலாவில் என்ன நடக்கிறது என்றால், பூ விரியும் சமயத்திலேயே இந்தப் போர்வையில் இருக்கும் சில செல்கள் மட்டும் பக்கத்துச் செல்களைவிடப் பெருத்து, உட்கரு பெரிதாகி, அடர்த்தியாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. கருவுறுதல் நடந்து உள்ளே சாப்பாடு தயாரானதும் இவை மளமளவென்று பிரிந்து, கருப்பைக்குள் தலையை நீட்டி, முறையாகப் பிறந்த கருவுக்கென்று வைத்திருந்த கருவூணை எடுத்துக்கொண்டு, தாங்களே முழுக் கருக்களாகிவிடுகின்றன! விதையிலை, முளைவேர், குருத்து எல்லாம் இருக்கும். ஆனால் மரபணு முழுக்க அம்மாவுடையது. மகரந்தம் வந்தால்தான் கருவூண் உருவாகும் என்பதால் பெரும்பாலும் அப்பாவின் வருகை தேவைப்படுகிறது. ஆனால் வந்த அப்பா சாப்பாட்டுக்கு மட்டும்தான் பங்களிக்கிறார். அவருடைய சொந்தக் கரு இந்த நெரிசலில் ஒரு ஓரமாக ஒடுங்கிப் பிழைத்தாலும் பிழைக்கும், இல்லாமலும் போகும்.

பிளஸ் டூ தாவரவியலில் பல்கருநிலை என்று இரண்டு வரியில் தாண்டிப் போவது இதைத்தான். 1719இலேயே நுண்ணோக்கியில் ஆராய்ந்த டச்சுக்காரர் லூவன்ஹாக் ஆரஞ்சு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைப் பார்த்திருக்கிறார். நீங்களும் வீட்டில் பார்க்கலாம். கமலா விதை ஒன்றைக் கழுவி, மேலே இருக்கும் வெள்ளைத் தோலை நகத்தால் உரித்து, அடுத்த மெல்லிய பழுப்புத் தோலையும் எடுத்துவிடுங்கள். உள்ளே பிஸ்தா பருப்பு மாதிரி பச்சை நிறம் தெரியும் (பம்ளிமாஸ் விதையில் இது வெள்ளையாக இருக்கும்). கூரான முனைப்பக்கம் விரலால் மெதுவாகப் பிரித்தால் அது ஒற்றைப் பருப்பு இல்லை, பெரிதும் சிறிதுமாகக் கோணல் மாணலாக நெருக்கி அடைத்த பல துண்டுகள் என்று தெரியும். ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. நான் முதன்முதலில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து இதைப் பார்த்த அன்று, வீட்டில் இருந்த அத்தனை பழத்தையும் உரித்துத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நம் ஊரில் இப்படிப்பட்ட மரங்கள் வேறும் இருக்கின்றன. நாவல் கொட்டையில் இரண்டு மூன்று முளைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மாவில் வெள்ளைக்கொளம்பான் இப்படித்தான், அதனால்தான் ஒட்டுக்கட்டும்போது ஒரே சீரான அடிக்கன்று (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) வேண்டும் என்று அதைத் தேடுகிறார்கள்.

இதற்குக் காரணமான மரபணுவைச் சீனாவில் ஊகான் நகரத்து ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்டது. தாவும் மரபணுத் துண்டு என்று ஒரு வகை உண்டு, மரபணுத் தொகுதிக்குள் இடம் மாறி இடம் மாறி நுழைந்துகொள்ளும் சின்னத் துண்டு. அப்படி ஒன்று எப்போதோ கமலா வம்சத்தில் ஒரு மரபணுவுக்கு முன்னால், அதன் சுவிட்ச் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தத் துண்டு இருந்தால் மரபணு சூல்திசுவில் ஓங்கி வேலை செய்கிறது, சூல்திசு கருவாகிறது. பம்ளிமாஸில் அந்தத் துண்டு இல்லை, அதன் விதையில் ஒரே கருதான். சாத்துக்குடி பழங்காலத்தில் பம்ளிமாஸும் கமலாவும் கலந்து வந்த வம்சம், அது இந்தக் குணத்தைக் கமலா பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டது. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். எங்கேயோ ஒரு சின்னத் துண்டு தவறி உட்கார்ந்ததன் விளைவு இன்று உங்கள் தொட்டியில் மூன்று கன்றாக நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இதில் ஆகாததும் கிடையாது, சகுனமும் கிடையாது. சகுனத்துக்குப் பயந்து எத்தனை வீட்டில் எத்தனை நல்ல கன்றைப் பிடுங்கி எறிந்திருப்பார்களோ! அந்தப் பெரியவரிடம் ஒரு விதையை உரித்துக் காட்டுங்கள், கோபப்பட வேண்டாம்.

சரி, அம்மாவேதான் என்றால் அதே வேகத்தில் காய்க்குமா? அதுதான் இல்லை. இந்தக் கன்றுக்கு அம்மாவின் மரபணு இருக்கிறது, அம்மாவின் வயது இல்லை. கருவாக மாறும்போது வயது திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் விதைக்கன்று முழுக்க முள்ளாக நிற்கும், பூக்க ஐந்து முதல் எட்டு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். காய்க்கிற மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டை எடுத்து ஒட்டினால் அந்த மொட்டுக்குத் தன் வயது மறப்பதில்லை, இரண்டு மூன்று வருடத்தில் பூத்துவிடும். ஒரே மரபணு, ஒன்று குழந்தை, ஒன்று பெரியவர். ஆனால் குழந்தையாகத் தொடங்குவதில் ஒரு லாபமும் இருக்கிறது. அம்மா மரத்தில் டிரிஸ்டீசா போன்ற வைரஸ் இருந்தாலும் விதை வழியாக அது கன்றுக்கு வருவதில்லை. ஒட்டுக்கட்டினால் மொட்டோடு நோயும் கூடவே வரும்.

இனி புது ரகம் வாங்குகிற விஷயம். பல்கருநிலை வீட்டுத் தோட்டக்காரருக்கு வரம், புது ரகம் உருவாக்குகிறவருக்குப் பெரிய தலைவலி. இரண்டு மரத்தைக் கலந்தால் முளைப்பதெல்லாம் அம்மாவாகவே இருந்தால் என்ன செய்வது? கலிபோர்னியாவின் ரிவர்சைடில் ஃப்ராஸ்ட் என்ற விஞ்ஞானி 1915இல் கிங், வில்லோ லீஃப் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து, முளைத்தவற்றில் உண்மையான கலப்புப் பிள்ளையைத் தேடிப்பிடித்து, இருபது வருடம் கழித்து 1935இல் வெளியிட்டதுதான் கின்னோ. பஞ்சாபிலிருந்து லாரி லாரியாக வந்து, தை மாசியில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் குவிந்து கிடக்குமே, அதுதான். தோல் பழத்தோடு ஒட்டி, விதை நிறைய இருந்தால் நீங்கள் வாங்கிய கமலாவும் அநேகமாக அதுவே. குடகு, நாக்பூர் பழங்களுக்குத் தோல் தொளதொளவென்று கழன்று வரும்.

விதை குறைந்த புது ரகங்கள் பல வேறு வழியில் வந்தவை. மொட்டுக் குச்சியைக் கதிர்வீச்சில் வைத்து, அதில் மாறிப்போனதைத் தேர்ந்தெடுப்பார்கள். ரிவர்சைடின் டேங்கோ அப்படி 2006இல் வந்தது. லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் இப்படித்தான் விதை குறைந்த கின்னோவைக் கொண்டுவந்தது. விதையே இல்லாததை விதையிலிருந்து வளர்க்க வழியில்லை, ஒட்டு ஒன்றுதான் கதி. ஆக, புது ரகம் வாங்குகிறீர்கள் என்றால் நீங்கள் உண்மையில் காசு கொடுப்பது அந்த ஒற்றை மொட்டுக்குத்தான். அது எந்த மரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்க வேண்டாம். நான் 2019இல் விதையில்லா வெளிநாட்டு ரகம் என்று 450 ரூபாய்க்கு ஒரு கன்று வாங்கி வந்தேன். மூன்று வருடம் கழித்துத் தோல் சொரசொரத்த புளிப்புப் பழம் ஒன்று காய்த்தது. ஜம்பேரி எலுமிச்சை. மேலே கட்டிய ஒட்டு எப்போதோ காய்ந்து, அடிக்கன்று துளிர்த்ததை அப்படியே விற்றிருக்கிறார்கள். அதனால் தண்டின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டுத் தழும்பு தெரிகிறதா, உயிரோடு இருக்கும் கிளை அந்தத் தழும்புக்கு மேலிருந்து வருகிறதா என்று குனிந்து பாருங்கள். வாங்கிய பிறகும் தழும்புக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று இலை சேர்ந்தாற்போல் வரும் துளிர் என்றால் அது டிரைஃபோலியேட் வகை அடிக்கன்று, சந்தேகமே வேண்டாம்.

கடற்கரை ஊருக்கு அடிக்கன்று முக்கியம். கடலூர் பக்கத்தில் பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு, கமலாவுக்கு உப்பு ஆகாது. ரங்பூர் எலுமிச்சை அடிக்கன்று உப்பின் குளோரைடை மேலே ஏறவிடாமல் ஓரளவு தடுக்கும், டிரைஃபோலியேட்டுக்கு அந்தத் திறன் குறைவு. முடிந்தவரை மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். இன்னொன்று, காய் பச்சையாகவே இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். தோலின் பச்சையம் விலகி ஆரஞ்சு நிறம் ஏற இரவுக் குளிர் வேண்டும், 13 டிகிரியை ஒட்டி. நமக்கு மார்கழியிலும் 20ஐ ஒட்டித்தான். நம் ஊரில் பழுத்த கமலா பச்சை மஞ்சளாகத்தான் இருக்கும், ஒன்றைப் பறித்துச் சுவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பூப்பதற்கும் குளிர் இல்லாத ஊரில் வறட்சிதான் வழி. வளர்ந்த செடிக்குக் கோடையில் இரண்டு மூன்று வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகச் சுருண்டதும் நன்றாக ஊற்றினால் துளிரோடு மொட்டும் வரும்.

கறிவேப்பிலையை மட்டும் தள்ளி வையுங்கள். கமலா மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோயின் பாக்டீரியாவைச் சுமக்கும் சின்னஞ்சிறு தத்துப்பூச்சி கறிவேப்பிலைத் துளிரிலும் சந்தோஷமாகக் குஞ்சு பொரிக்கும். பழனி மலையின் கீழ்ப்பகுதியில் கமலாத் தோப்புகள் நலிந்துபோனதில் இந்த நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. நோயுள்ள மரத்தின் மொட்டை ஒட்டினாலும் இது பரவும். நாக்பூரில் இருக்கும் மத்திய எலுமிச்சை வகை ஆராய்ச்சி நிலையம், குருத்தின் நுனியை மட்டும் எடுத்து ஒட்டி நோயில்லாத தாய்ச்செடி தயாரிக்கிறது. அந்த வேலை ஒவ்வொரு மாநிலத்திலும் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. இலவசக் கன்று கொடுக்கப் பணம் ஒதுக்குகிற அரசுகள், அந்தக் கன்றுக்கு மொட்டு கொடுக்கும் சுத்தமான தாய்ச்செடியை வலைக்கூண்டுக்குள் வைத்துப் பராமரிக்கவும், நம் மாதிரி வெக்கை ஊருக்கு எந்த ரகம் ஒத்துவரும் என்று பத்து வருடம் வளர்த்துப் பார்க்கவும் பணம் ஒதுக்க வேண்டும். பத்து வருட ஆராய்ச்சிக்குத் திறப்பு விழாப் புகைப்படம் கிடைக்காது என்பதற்காக அதை விட்டுவிடுவது தவறு.

இப்போது உங்கள் மூன்று கன்றுக்கு வருவோம் அம்மா. திடமானது அநேகமாக அம்மா. பழம் பிடித்திருந்தால் அதையே தரையில் வையுங்கள், நாள் ஆகும், நுனியை வெட்டாதீர்கள், வெட்ட வெட்டக் குழந்தைப் பருவம்தான் நீளும். அவசரம் என்றால் பக்கத்திலேயே ஒரு ஒட்டுக்கன்றும் வாங்கி வையுங்கள். சுமாராக இருப்பதும் பெரும்பாலும் அதே அம்மாதான், யாருக்காவது கொடுத்துவிடலாம். அந்த நூல் மாதிரி இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டியது. நிச்சயமில்லை, ஆனால் நெரிசலில் ஓரமாகப் பிழைத்த கலப்புப் பிள்ளை அதுவாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் அதே மாதிரி இன்னொரு செடி உலகத்தில் எங்கும் கிடையாது. ஒவ்வொன்றிலும் நான்கு இலை வந்ததும், தொட்டியைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, வேர் அறாமல் மூன்றையும் பிரித்து, அந்தச் சிறியதற்குச் செம்மண்ணும் மணலும் தொழுஉரமும் கலந்து தனித் தொட்டி கொடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு மாற்றுங்கள், முதல் பத்து நாள் நிழலில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்துவிடுங்கள், ஃபெஞ்சல் புயல் மழையில் என் மாடியில் தண்ணீர் தேங்கியே நான்கு கன்று வேர் அழுகிப் போனது.