கேஸ் ஃபயர்ப்ளேஸ்ல விறகு எரிக்கலாமா?

டல்லாஸ்ல வீடு வாங்கியிருக்குற வாசகர் ஒருத்தர் கேக்குறாரு, ஹால்ல செங்கல் ஃபயர்ப்ளேஸ் இருக்கு, உள்ள கேஸ் பைப்பும் வருது, விறகு போடலாமான்னு. 2021 பிப்ரவரில டெக்சாஸே உறைஞ்சு கரண்ட் இல்லாம கெடந்தப்புறம் அங்க இந்த யோசனை வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

மொதல்ல டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. கட்டை அடுக்குற கம்பிச் சட்டத்துக்கு கீழ ஓட்டை ஓட்டையா ஒரு இரும்பு பைப் மட்டும்னா அது லாக் லைட்டர், விறகு பத்த வைக்கத்தான் அது. செராமிக்ல போலி கட்டை அடுக்கியிருந்தா அது மேல விறகு வேணாம், அடியில இருக்குற வால்வும் பைலட்டும் (கேஸை பத்த வைக்கிற சின்ன சுடர்) தணலுக்கு தாங்காது, லைசென்ஸ் உள்ள ஆளை கூப்பிட்டு கழட்டணும். கண்ணாடி போட்டு சீல் பண்ணுன மாடலா, விறகை மறந்துடுங்க. அதுல பலதுக்கு புகைக்குழாயோட உள்பக்கம் அலுமினியம், 660 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், சிம்னில படிஞ்ச கரி பத்திக்கிட்டா சூடு 1000 டிகிரியை தாண்டும்.

சரி, உங்களது லாக் லைட்டர்னே வச்சுக்குவோம். இப்பதான் எனக்கு புடிச்ச எடம் வருது. புகை தானா மேல ஏறுதுன்னு நெனைக்கிறோம்ல, இல்ல, வெளிய இருக்குற குளிர்ந்த காத்து கனமா இருக்குறதால அதுதான் கீழேர்ந்து நெட்டித் தள்ளுது. வெளிய 0 டிகிரின்னா ஒரு கனமீட்டர் காத்து 1.29 கிலோ, சிம்னிக்குள்ள 150 டிகிரின்னா 0.83 கிலோதான். வித்தியாசத்தை 9.8ஆல பெருக்கி, 6 மீட்டர் சிம்னி உயரத்தாலயும் பெருக்குங்க, 27 பாஸ்கல் வரும். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல், அதுல வெறும் 27! ஸ்ட்ராவுல தண்ணிய 3 மில்லிமீட்டர் கூட தூக்காது. இந்த இத்துனூண்டு தள்ளலை நம்பித்தான் மொத்த புகையும் வெளிய போகுது, இறுக்கமா கட்டுன வீட்டுல கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேனை வேகமா ஓடவிட்டா அதுவே புகையை ஹாலுக்கு இழுத்துடும்.

ஆறிப்போன சிம்னில இந்த 27 கூட கெடையாது, சமயத்துல காத்து உல்டாவா கீழ எறங்கும். அங்கதான் லைட்டர் கை கொடுக்குது, புகை வர்றதுக்கு முன்னாடியே அந்த நெருப்பு சிம்னியை சூடாக்கிடும். டேம்பரை, அதாவது சிம்னியை மூடித் தெறக்குற தகடை, முழுசா தெறங்க, தீக்குச்சியை கொளுத்தி பைப்கிட்ட வச்சுட்டு அப்புறம் கேஸை தெறங்க, மாத்தி பண்ணாதீங்க. விறகு நல்லா புடிச்சதும் கேஸை மூடிடுங்க. ஈர விறகு கூடவே கூடாது, கரி அதிகமா படியறதே அதனாலதான்.

ஆபத்தான நேரம் ராத்திரி. சிம்னி 40 டிகிரிக்கு எறங்குனா 10 பாஸ்கல் கூட தேறாது, புகையும் இல்ல, சூடு வீணா போகுதேன்னு டேம்பரை மூடத் தோணும். ஆனா தணல் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கிட்டேதான் இருக்கும், வாசனை கெடையாது. 1921ல ஒரு அமெரிக்க கண் மருத்துவ இதழ்ல வந்த கதை, ஒரு குடும்பமே வீட்டுல பேய் நடமாடுதுன்னு பயந்து கெடந்திருக்கு, கடைசில பாத்தா வீட்டை சூடாக்குற பழுதான ஃபர்னஸ்லேர்ந்து வந்த இதே வாயுதான். பேய் ஓட்டுறவங்களுக்கு கொடுக்குற காசுல பத்துல ஒரு பங்குக்கு இந்த வாயு வந்தா கத்துற டிடெக்டரே வந்துடும்ங்கிறது என் அபிப்பிராயம். பெட்ரூம் பக்கத்துல ஒண்ணு மாட்டுங்க, சாம்பல் முழுசா ஆறுற வரைக்கும் டேம்பர் தெறந்தே இருக்கட்டும்.