ஊளை இல்லை, குலவை

போன மாதம் ஆச்சியோடு உட்கார்ந்து எத்தியோப்பியக் கல்யாணம் ஒன்றை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மணப்பெண் வாசலுக்கு வந்ததும் பெண்கள் நாக்கை ஆட்டிக் குரல் எடுத்தார்கள். "பெண்கள் மகிழ்ச்சியில் ஊளையிடுகிறார்கள்" என்றது தமிழ்ப் பின்னணிக் குரல். ஆச்சி பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டாள். "ஏலே, அவளுவ கொலவைல்லா போடுதாளுவ, இவன் என்ன ஊளைங்கான்?"

இங்கே மொழிபெயர்ப்பாளரை இடறிவிட்ட ஆங்கிலச் சொல் உலுலேஷன் (ululation). இலத்தீனில் 'உலுலாரே' என்றால் ஊளையிடுதல், ஓலமிடுதல். ஆந்தைக்கு 'உலுலா' என்று பெயர். ஒலியைக் கேட்டு வைத்த சொற்கள்தான். ஆனால் இன்று அந்த ஆங்கிலச் சொல் அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் பெண்கள் நல்ல காரியங்களில் எழுப்பும் கூர்மையான நீள ஒலியையே பெரும்பாலும் குறிக்கிறது. வங்காளத்தில் இதற்கு உலுத்வனி என்று பெயர்.

அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டால் ஊளைதான் கிடைக்கும். ஊளை என்பது நாயும் நரியும் போடுவது. எங்கள் பக்கம் ராத்திரி தெருநாய் ஊளையிட்டால் எந்த வீட்டில் சாவு விழுமோ என்று பயந்து, எழுந்துபோய் விரட்டுவார்கள். அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கல்யாண வாசலில் வைக்கலாமா? அதுவும் ஆப்பிரிக்கப் பெண்கள் என்றால் ஊளை, நம் வீட்டுப் பெண்கள் என்றால் மங்கல ஒலி என்று எழுதுவது பிழை மட்டுமில்லை, அவமரியாதை.

'ஓலமிட்டு வரவேற்றனர்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓலம் துயரத்தின் குரல். பழைய கிரேக்க, ரோமானிய இழவுக் காட்சிகளில் இதே ஆங்கிலச் சொல் வந்தால் அங்கே ஓலம் சரி. வரவேற்புக்கு அது ஆகாது. கூக்குரலும் அப்படியே, ஆபத்தில் எழுவது. 'உலுலு ஒலி' என்று புதிதாக ஒன்றைக் கட்டுவதோ தேவையே இல்லாத வேலை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ஆச்சி சொன்ன குலவை வேண்டாம், குரவை என்றே எழுத வேண்டும் என்பார்கள். மூலம் அதுதான், மறுக்கவில்லை. மலையாளத்தில் இன்றும் 'குரவ'தான். ஆனால் தமிழில் குரவை என்றதும் படித்தவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையும் குன்றக் குரவையும் நினைவுக்கு வரும். அவை கைகோத்து ஆடும் கூத்து. ரகரம் லகரமாகி, ஒலிக்கென்றே தனியாக வழங்குகிற சொல் குலவை. சாம்பர் சாம்பலானதை ஏற்ற நமக்கு இதில் என்ன தயக்கம்?

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் நடவுக்கு இறங்கும் பெண்கள் போடுவது குலவை. பொங்கல் பானை பொங்கி வழியும்போது போடுவதும், சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சாமி வந்து ஆடும்போது கூட்டத்தின் பின்னாலிருந்து எழுவதும் அதுவே. அந்த நேரத்தில் வில்லுப்பாட்டுக்காரர் குரலே அதில் அமுங்கிவிடும். நாக்கை இருபுறமும் வேகமாக அசைத்து, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். தொலைக்காட்சியில் அந்தப் பெண்கள் செய்ததும் இதேதான்.

வினையாக எழுதும்போது குலவையிடு, குலவை போடு இரண்டும் சரி. அந்தப் படத்துக்கு 'பெண்கள் குலவையிட்டு மணப்பெண்ணை வரவேற்கிறார்கள்' என்று சொல்லியிருந்தால் ஆச்சி பாக்கு இடிப்பதை நிறுத்தியிருக்க மாட்டாள்.