வாள் போகட்டும், பேரேட்டைக் காப்பாற்றுங்கள்

ரகசியச் சடங்குகளோடு கூடி, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்புகளைச் சகோதர சங்கம் என்பார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு பழைய சங்கத்தின் கிளையை மூடும்போது எங்கள் ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் வருவது பெரும்பாலும் கடைசியில்தான். அதற்குள் அலங்கார வாளும் சரிகைப் பட்டையும் பழம்பொருள் கடைக்குப் போயிருக்கும். அட்டை கிழிந்த கணக்குப் புத்தகங்கள் மட்டும் மிஞ்சும். வெறும் சந்தாக் கணக்குதானே, எதற்கு உங்களுக்கு என்பார்கள்.

எனக்கு வேண்டியது அதுதான். சங்கத்தின் ரகசியச் சடங்குப் புத்தகத்தைப் பார்த்து எல்லோரும் வாய் பிளப்பார்கள். ஆனால் அது அச்சில் வந்தது, வேறு பிரதி கிடைத்துவிடும். ஒரு கிளையின் கையெழுத்துப் பேரேட்டுக்கு இன்னொரு பிரதி கிடையாது.

ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் ஒர்க்மென் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் 1868இல் தொடங்கியது. நிறுவியவர் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தலைக்கு 1 டாலர் போடுவார்கள்; குடும்பத்துக்கு 2,000 டாலர் வரை போகும். அன்றைய தொழிலாளிக்கு அது சில வருடச் சம்பளம்.

இவ்வளவு பணம் கைமாறும் இடத்தில் காகிதம் சேராமல் இருக்குமா? உள்ளே வருபவரை டாக்டர் சோதிப்பார். வயது, தொழில், நாடித் துடிப்பு, அப்பா எத்தனை வயதில் எதனால் இறந்தார், அம்மா எப்படி, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது காசநோய் உண்டா என்று விண்ணப்பத்தில் கேள்விகள் நீளும். அப்புறம் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற பதிவு. மனைவியின் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ஓரத்தில் வேறு மையில் மகளின் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். நடுவில் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று தேட அந்தத் தேதி போதும்.

பென்சில்வேனியாவில் மாநில அளவில் இறப்புப் பதிவு தொடங்கியதே 1906இல்தான். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்களோ 1921இல் வாஷிங்டன் தீ விபத்தில் சிக்கி, ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. அந்த வருடங்களில் ஒரு சாதாரணத் தொழிலாளியைத் தேடும் பேரன் பேத்திகளுக்குச் சில சமயம் இந்தச் சங்கத் தாள்களே கதி.

எல்லோரும் இவற்றில் இருக்க மாட்டார்கள். ஒர்க்மென் சங்கம் வெள்ளை ஆண்களை மட்டுமே சேர்த்தது. 1819இல் பால்டிமோரில் தொடங்கிய இன்னொரு சகோதர சங்கமான ஆட் ஃபெல்லோஸும் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அதனால்தான் பீட்டர் ஆக்டன் என்ற கறுப்பினத்தவரும் நண்பர்களும் 1843இல் இங்கிலாந்து ஆட் ஃபெல்லோஸிடமிருந்து நேரடியாக அனுமதி வாங்கி நியூயார்க்கில் தனிச் சங்கம் தொடங்கினார்கள். கறுப்பினக் குடும்பங்களைத் தேடுபவர்கள் கிராண்ட் யுனைடெட் ஆர்டர் ஆஃப் ஆட் ஃபெல்லோஸ் என்ற பெயரில் தேட வேண்டும்.

சரி, பெட்டி உங்கள் கைக்கு வந்துவிட்டது. தயவுசெய்து செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். அந்தக் காலத்தில் இரும்பு உப்பு சேர்த்துச் செய்த மை ஏற்கனவே காகிதத்தை அரித்துக்கொண்டிருக்கும்; ஈரம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும், எனவே நிலவறை வேண்டாம். மாடிப் பரணும் வேண்டாம், அங்கே வெயில் சூடு. தோல் அட்டை சிவப்புத் தூளாக உதிர்ந்தால் எண்ணெய் தடவாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அழகாக இருக்கிறதே என்று சான்றிதழை மட்டும் உருவி ஃபிரேம் போடுவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். கட்டைப் பிரித்து அடுக்காதீர்கள்.

ஆட் ஃபெல்லோஸ் கட்டடமாக இருந்தால் அலமாரியில் சவப்பெட்டியும் எலும்புக்கூடும் இருக்கலாம். சடங்குக்கு வைத்திருந்தது, சில இடங்களில் நிஜ மனித எலும்பு. முதல் போன் எங்களுக்கு வேண்டாம், போலீசுக்குப் போடுங்கள்.

பேரேடுகளை மாநில வரலாற்றுச் சங்கமோ பல்கலைக்கழக நூலகமோ வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் சங்கத்தின் மாநிலத் தலைமையிடம் கேட்டுவிடுங்கள். மூடிய கிளையின் சொத்து விதிப்படி பெரும்பாலும் அவர்களுக்குத்தான் சேரும். அவர்களுடைய சம்மதக் கடிதத்தையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.