எவர்சில்வர் உத்தரம் எந்தப் புள்ளியில் வளைகிறது?

எவர்சில்வர் கரண்டியின் காம்பை லேசாக வளைத்துவிட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வளைந்தே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே? இதே உலோகத்தில் பாலத்துக்கு உத்தரம் அமைப்பவருக்கும் முதல் கேள்வி இதுதான்.

சாதாரணக் கட்டுமான எஃகில் எல்லை தெளிவானது. அணு வரிசை பிசகிய இடங்களை கார்பன், நைட்ரஜன் அணுக்கள் பிடித்துவைத்திருக்கும். தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசை, 250 மெகாபாஸ்கலை நெருங்கும்போது பிடி விடுபட்டு எஃகு சட்டென்று நெகிழும். குரோமியமும் நிக்கலும் கலந்த எவர்சில்வரின் 304 ரகத்தில் அந்தப் பிடி வலுவாக இல்லை. பிசகுகள் சிறிது சிறிதாக நழுவுகின்றன.

எனவே எல்லையை நாமே வகுத்துக்கொண்டோம்: சுமையை எடுத்த பிறகு 0.2 சதவீத நீட்சி மிஞ்சினால், அந்தத் தகைவே கணக்குக்கான வலிமை. 304 ரகத்துக்கு அது சுமார் 210 மெகாபாஸ்கல். ஆனால் நிலைத்த உருமாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தகைவுக்கு எவ்வளவு திரிபு (நீள மாற்றத்தின் விகிதம்) என்று சொல்ல ராம்பெர்க், ஆஸ்குட் இருவரும் 1943-இல் தந்த சூத்திரத்தில் அடுக்கெண்ணை 7 என்று வைத்துப் பாருங்கள். 140 மெகாபாஸ்கலில் மீளும் திரிபு 0.07 சதவீதம், மீளாதது 0.012. தகைவு 210-ஐத் தொடும்போது மீள்வது 0.105, மீளாதது 0.2! தகைவுக்கு நேர்விகிதத்தில்தான் திரிபு கூடும் என்ற நேர்கோட்டுக் கணக்கு சொல்வதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு திரிபு.

உத்தரத்தின் மேல், கீழ் விளிம்புகளில்தான் இத்தனை தகைவு வரும். நடுப்பகுதி மீள்நிலையிலேயே இருக்கும். சுமை நீங்கியதும் நடுப்பகுதி நிமிரப் பார்க்கும், நீண்டுபோன விளிம்பு விடாது. இந்த இழுபறியில் மிஞ்சுவதுதான் நிலைத்த தொய்வு. தொய்வைக் கணக்கிடும்போது 200 கிகாபாஸ்கல் என்ற மீள்மைக் குணகத்தை (மீளும் திரிபுக்குத் தகைவு எத்தனை மடங்கு என்ற எண்) அப்படியே போடாமல், தகைவுக்கேற்பக் குறைத்துப் போடுவது இதனால்தான்.

வலிமையில் கதை தலைகீழ். வளைந்த கரண்டியை நிமிர்த்திப் பாருங்கள்: வளைந்த இடம் முரண்டு பிடிக்கும், பக்கத்து இடம் வளையும். நழுவிய பிசகுகள் ஒன்றோடொன்று சிக்கி உலோகத்தை இறுக்கிவிட்டன. 210-இல் நெகிழத் தொடங்கும் 304 அறுந்துபோக 520 மெகாபாஸ்கலாவது வேண்டும். 210-ஐயே உச்சவரம்பாக வைத்த பழைய விதிகள், விலையுயர்ந்த உலோகத்தை வீணடித்தன என்றே சொல்வேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் லீராய் கார்ட்னர் வளர்த்தெடுத்த முறை, குறுக்குவெட்டு நசுங்கி மடங்குவதற்கு முன் எவ்வளவு திரிபைத் தாங்கும் என்று கேட்டு, அதுவரை கிடைக்கும் இறுக்கத்தையும் வலிமையில் சேர்க்கிறது. தடித்த தகடுகளுக்கு நல்ல லாபம். மெல்லிய தகடு முன்பே மடங்கிவிடும் என்பதால் அதற்குப் பயனில்லை.

ஸ்பெயினின் மெனோர்கா தீவில், கடல் காற்றில் அரித்துப்போன கான்கிரீட் பாலத்துக்குப் பதிலாக 2005-இல் எழுந்த காலா கல்தானா பாலத்துக்கு 304 போதவில்லை. அங்கே 460 மெகாபாஸ்கல் தரும் டியூப்ளெக்ஸ் ரகம் (இரண்டு வகைப் படிக அமைப்பு கலந்த எவர்சில்வர்) பயன்பட்டது. அதற்கும் தெளிவான எல்லைப் புள்ளி கிடையாது; 460 என்பதும் அதே 0.2 சதவீத அளவுகோல்தான்.